கூப்பிட்டால் ஓடி வரும் நாய்க்குட்டி: முதல் நாளிலிருந்து பழக்கும் முறை

எட்டு வாரக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில் அது நம் காலையே சுற்றிக்கொண்டு திரியும். நாம் எழுந்தால் தானும் எழும், அடுத்த அறைக்குப் போனால் பின்னாலேயே வரும், பெயர் சொல்லி அழைக்கக்கூடத் தேவையிருக்காது. இதைப் பார்த்து, கூப்பிட்டால் வரும் பழக்கம் தங்கள் குட்டிக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஐந்தாறு மாதம் கழித்து, திறந்திருந்த வாசல் வழியே பாய்ந்தோடிய அதே குட்டி, நான்கு முறை பெயரைச் சொல்லிக் கத்தியும் திரும்பிப் பார்க்காமல் போகும்போதுதான் உண்மை தெரிகிறது. அன்று அது நம் குரலுக்காக வரவில்லை. தாயையும் உடன்பிறந்தவற்றையும் பிரிந்து வந்த குட்டி, தனித்திருக்க அஞ்சி நம்மை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒட்டுதல் வலுவாக இருக்கும் சில வாரங்களைப் பயன்படுத்திக்கொண்டு, அழைப்புக்கு வரும் பழக்கத்தை அதன்மேல் கட்டியெழுப்பிவிட வேண்டும்.

உட்காருவது, படுப்பது, கை கொடுப்பது போன்றவற்றைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம். அழைத்தால் திரும்பி வருவதை அப்படித் தள்ளிப்போட முடியாது. வண்டி வரும் சாலை, புதருக்குள் கிடக்கும் பாம்பு, யாரோ வீசியெறிந்த எலும்பு, சண்டைக்கு நிற்கும் பெரிய நாய் என எந்த ஆபத்திலிருந்தும் ஒரு நாயைத் தொலைவிலிருந்தபடியே மீட்க நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சொல்தான். ஆகவே குட்டி வீட்டுக்குள் நுழைந்த அன்றே இதைத் தொடங்கிவிடுங்கள்.

குட்டி எதை வைத்து முடிவெடுக்கிறது

ஒரு செயலுக்குப் பின் இனிய விளைவு வந்தால் அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பு கூடும், கசப்பான விளைவு வந்தால் குறையும் என்பதை, பெட்டிகளில் அடைக்கப்பட்ட பூனைகள் வெளியேறக் கற்றுக்கொள்ளும் விதத்தைக் கவனித்த எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விதியாக வகுத்தார். நாய்ப் பயிற்சியில் இதைவிடப் பயனுள்ள ஓர் உண்மையை நான் அறிந்ததில்லை. குட்டி நம் அழைப்புக்கு வருமா வராதா என்பதை, நாம் எவ்வளவு உரக்க அழைக்கிறோம் என்பது தீர்மானிப்பதில்லை. இதற்கு முன் அது வந்து சேர்ந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்பதே தீர்மானிக்கிறது.

சராசரி வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விளையாடிக்கொண்டிருக்கும் குட்டியை அழைத்துக் கட்டிப்போடுகிறோம். வெயிலில் சுகமாகப் படுத்திருப்பதை அழைத்துக் குளிப்பாட்டுகிறோம். செருப்பைக் கடித்துக் குதறியிருப்பதைக் கண்டு, கோபத்தில் அழைத்து, வந்ததும் அதட்டுகிறோம். நம்மைப் பொறுத்தவரை அதட்டல் செருப்புக்காக. குட்டிக்கோ கடைசியாகத் தான் செய்த செயல் நம்மிடம் வந்ததுதான், ஆகவே அதட்டல் வந்ததற்கே கிடைத்ததாகிறது. இப்படிப் பத்து நாள் போனால், அந்தச் சொல் காதில் விழுந்ததும் குட்டி ஒருகணம் தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் நாம் பிடிவாதம் என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

எனவே தொடக்கத்திலேயே ஒரு விதியை வீட்டிலுள்ள எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்: அழைத்து வந்த குட்டிக்கு, அது எவ்வளவு தாமதித்து வந்திருந்தாலும், எதைக் கடித்துவிட்டு வந்திருந்தாலும், நல்லது மட்டுமே நடக்கும். நகம் வெட்டவோ, மருந்து கொடுக்கவோ, குளிப்பாட்டவோ வேண்டியிருந்தால் அழைக்காதீர்கள். நீங்களே எழுந்து சென்று மெல்லத் தூக்கிக்கொள்ளுங்கள்.

எந்தச் சொல்லால் அழைப்பது

பலரும் குட்டியின் பெயரையே அழைப்பாகப் பயன்படுத்துகிறார்கள். பெயரை நாம் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சும்போது, திட்டும்போது, விருந்தினரிடம் அதைப் பற்றிப் பேசும்போது என்று நூறு முறை அது காற்றில் பறக்கிறது. பெயருக்கு ‘என்னைப் பார்’ என்ற பொருள் மட்டும் இருந்தால் போதும். ஓடி வருவதற்குத் தனிச்சொல் ஒன்று வேண்டும்.

தமிழ் பேசும் வீடுகளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. நமக்கு முதலில் நாவில் வரும் சொல் ‘வா’. அதே ‘வா’வைத்தான் பிள்ளைகளிடமும், ‘சாப்பிட வா’, ‘சீக்கிரம் வா’, ‘போய்விட்டு வா’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். குட்டிக்கு அதனால் எதுவும் நடக்காத வேளைகளில் அச்சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால், அது வெறும் வீட்டு இரைச்சலில் ஒன்றாகிவிடும். ‘வா’வைத்தான் வைத்துக்கொள்வேன் என்பவர்கள் ‘வாவாவா’ என்று மூன்றையும் ஒரே மூச்சில் சேர்த்து, மனிதரிடம் ஒருபோதும் பேசாத ஒரு தாளத்தில் சொல்லலாம். குறுகிய ஒலிகளை விரைந்து அடுக்கிச் சொன்னால் நாய்கள் நம்மை நோக்கி நகர முனைவதும், நீட்டி இழுத்துச் சொன்னால் நிதானப்படுவதும் பழக்குவோர் நெடுங்காலமாக அறிந்தது. ‘தோ தோ’ என்று கூப்பிடும்போது நம் வாய் தானாகவே செய்வதும் அதைத்தான். அல்லது வீட்டுப் பேச்சில் புழங்காத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும், அப்பா ஒரு சொல், அம்மா ஒரு சொல், பிள்ளைகள் வேறொரு சொல் என்று பிரியக் கூடாது. தாளில் எழுதி, தீனி டப்பாவின் மேலேயே ஒட்டி வைத்துவிடுவது நல்லது.

குரல் உயர்ந்தும் மகிழ்ச்சியாகவும் இருக்கட்டும். குழந்தையிடம் கொஞ்சும் தொனியில் பதிவு செய்த பேச்சை ஒலிபெருக்கி வழியே கேட்கச் செய்தபோது, வளர்ந்த நாய்களைவிடக் குட்டிகளே அதற்கு மிகுதியாக ஈர்க்கப்பட்டன என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கொஞ்சிப் பேசக் கூச்சப்படுபவர்கள் விசிலைப் பயன்படுத்தலாம். விசிலில் கோபமோ பதற்றமோ தொனிக்காது, யார் ஊதினாலும் ஒரே ஒலியாக இருக்கும், தொலைவுக்கும் கேட்கும்.

பரிசுத் தீனி

வழக்கமாகத் தட்டில் போடும் உணவு வீட்டுக்குள் நடக்கும் முதல் பயிற்சிகளுக்குப் போதும். வெளியே போகும்போது போதாது. அங்கே நீங்கள் போட்டியிடுவது பிற நாய்களின் வாசனையோடும் பறக்கும் பறவைகளோடும். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து, எலும்பு நீக்கிய கோழி இறைச்சியைப் பட்டாணி அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொண்டால், அநேகமாக எந்தக் குட்டியும் மறுக்காது. துண்டு பெரிதாக இருக்கத் தேவையில்லை; ஒரே பெரிய துண்டைக் கொடுப்பதைவிட, ஐந்து சிறு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புகழ்ந்தபடியே கொடுப்பது குட்டியின் மனத்தில் ஆழமாகப் பதியும், அது நம்மருகே நிற்கும் நேரத்தையும் நீட்டும். தின்பண்டங்கள் எல்லாம் சேர்ந்து அன்றைய உணவாற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி அதிகமான நாளில் தட்டில் அதற்கேற்பக் குறைத்துவிடலாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்த எதுவும் நாய்க்கு நஞ்சு என்பதால், கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளரவிடாதீர்கள்.

முதல் படி: சொல்லுக்குப் பொருள் ஏற்றுதல்

சந்தடியில்லாத அறை ஒன்றில், குட்டி உங்கள் காலடியிலேயே இருக்கும்போது தொடங்குங்கள். அது எங்கும் வர வேண்டியதில்லை. அழைப்புச் சொல்லை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு கணம் கழித்துத் தீனியை அதன் வாயருகே கொண்டுபோய்க் கொடுங்கள். சில நொடிகள் விட்டு, மீண்டும் அதையே செய்யுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை, மூன்று நான்கு நாள்கள். ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் தம் ஆய்வுக்கூடத்து நாய்களிடம் கண்டறிந்ததும் இதுதான்: உணவுக்குச் சற்று முன்னதாகத் தவறாமல் வரும் ஒலி, நாளடைவில் தானே உணவின் வரவாகிவிடுகிறது.

இதில் வரிசை முக்கியம். நம்மில் பலர் அறியாமலேயே முதலில் கையைப் பையில் விட்டுவிட்டு, பிறகு சொல்லைச் சொல்கிறோம். அப்போது குட்டி கற்றுக்கொள்வது பையின் சரசரப்பை. சொல் அதன் காதில் ஏறுவதே இல்லை. கை தொடையோடு அசையாமல் இருக்க, முதலில் சொல், அதன்பின் கை. தீனியை மேசைமேல் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பயிற்சி செய்தால் இந்தப் பிழை எளிதில் விலகும்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குட்டி தரையை முகர்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்திருக்கும் ஒரு வேளையில் சொல்லைச் சொல்லிவிட்டு, அதன் காதை மட்டும் கவனியுங்கள். தலை திரும்பும் முன்பே, தொங்கும் காதின் அடிப்பகுதி சற்றே உயர்ந்து பின்னோக்கி அசையும். பிறகு முகர்ந்துகொண்டிருந்த மூக்கு நிற்கும். அதன் பின்னரே கழுத்து வளைந்து கண் உங்களைத் தேடும். அந்தக் காதசைவைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் முதல் படி முடிந்தது.

இரண்டாம் படி: சில அடி தூரத்திலிருந்து

இப்போது இரண்டு மூன்று அடி தள்ளி நின்று அழையுங்கள். அழைத்ததும் குட்டியை நோக்கிக் குனிந்து நிற்காமல், நான்கைந்து எட்டு பின்னோக்கி நடந்து, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக் குத்துக்காலிட்டு அமருங்கள். மேலே கவிந்து நிற்கும் மனித உருவம் சிறு குட்டிக்கு அச்சுறுத்தல். விலகிப் போகும் உருவமோ துரத்தத் தூண்டும் அழைப்பு. குட்டி வந்து சேரும் வரையிலும் வாயால் புகழ்ந்துகொண்டே இருங்கள், வந்ததும் தீனி. தீனியைக் கையை நீட்டிக் கொடுக்காமல், உங்கள் முழங்காலை ஒட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் கை எட்டும் தூரத்தில் நின்று பறித்துக்கொண்டு ஓடக் கற்றுக்கொள்ளும்.

ஒருமுறை மட்டும் அழையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் கொள்ள முடியுமென்றால் இந்த வரியைக் கொள்ளுங்கள். ‘வா, வா, வாடா, வரியா இல்லையா, வா’ என்று அழைக்கும் வீட்டில் வளரும் குட்டி, ஐந்தாவது ‘வா’வுக்குத்தான் எழ வேண்டும் என்று நேர்மையாகவே புரிந்துகொள்கிறது. ஒருமுறை அழைத்தும் வரவில்லையென்றால், அழைத்த வேளை தவறு அல்லது தூரம் அதிகம். சொல்லை மீண்டும் செலவழிக்காமல், அருகே போய், தொடையைத் தட்டியோ நாக்கைச் சொடுக்கியோ கவனத்தை ஈர்த்து, எதிர்ப்புறம் இரண்டு எட்டு ஓடுங்கள், பின்னால் வந்துவிடும். வந்ததற்குப் பாராட்டுங்கள். அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள். வரும் என்று பந்தயம் கட்டத் துணியாத நேரத்தில் அழைப்புச் சொல்லை வாயிலிருந்து விடவே கூடாது. தூங்கும் குட்டியையும், தின்றுகொண்டிருக்கும் குட்டியையும், வேறு நாயோடு உருண்டு புரளும் குட்டியையும் இந்த மாதத்தில் அழைக்க வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் நீள வேண்டியதில்லை. குட்டிகள் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பவை. களைத்த குட்டியிடம் பயிற்சி எடுப்பது இருவருக்கும் வீண். அது இன்னும் வேண்டுமென்று நிற்கும்போதே முடித்துவிடுங்கள்.

பட்டையைப் பிடிக்கும் கை

பெரும்பாலோர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் ஒருகாலத்தில் தாண்டிப் போனேன். முன்பு என்னிடம் வளர்ந்த ஒரு குட்டியை மாலைதோறும் திறந்தவெளியில் அவிழ்த்துவிட்டு, இருட்டும் வேளையில் அழைத்து, கழுத்துப்பட்டையைப் பற்றிக் கயிற்றை மாட்டி அழைத்துப்போவது வழக்கம். முதல் வாரம் பாய்ந்து வந்தது. இரண்டாம் வாரம் வேகம் குறைந்தது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள், சரியாக என் கை எட்டும் தூரத்துக்கு ஓரடி அப்பால் வந்து நின்றது. வால் ஆடுகிறது, வாய் திறந்து சிரித்தாற்போல் இருக்கிறது, முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையில் தாழ்த்தியிருக்கிறது. நான் கையை நீட்டினால் ஒரு துள்ளல், மீண்டும் ஓரடி அப்பால். நான் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி. முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. அன்று அதைக் குறும்பு என்று எண்ணினேன். அது அழைப்புக்கு வந்துதான் இருந்தது. பட்டையை நோக்கி வரும் என் கையிலிருந்து மட்டும் தப்பித்துக்கொண்டிருந்தது. அந்தக் கை வந்தால் ஆட்டம் முடிந்தது என்பதை நானேதான் நாள் தவறாமல் அதற்குக் கற்பித்திருந்தேன்.

அதைச் சரிசெய்த முறையே, புதிய குட்டிக்கு முதலிலிருந்து கற்றுத்தர வேண்டிய முறையும். வீட்டுக்குள் குட்டி அருகில் இருக்கும்போது, ஒரு விரலால் பட்டையைத் தொட்டு, உடனே மறு கையால் தீனி கொடுங்கள். தொடுதல் முதலில், தீனி பின்னர். அது இயல்பானதும் விரல்களைப் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் நுழையுங்கள், தீனி. பிறகு மெல்லப் பற்றி ஒரு நொடி பிடியுங்கள், தீனி, விட்டுவிடுங்கள். கையை மேலிருந்து தலைக்கு மேலாகக் கொண்டுவராமல், தாடைக்குக் கீழாகவோ தோளின் பக்கமாகவோ கொண்டுவாருங்கள். சில நாள்களில், பட்டையை நோக்கி உங்கள் கை நகர்வதைக் கண்டதும் குட்டி தானே கழுத்தை நீட்டிக்கொடுக்கும். அதன்பின் ஒவ்வோர் அழைப்பையும் இந்த வரிசையில் முடியுங்கள்: வந்தது, பட்டையைத் தொட்டேன், தீனி கொடுத்தேன், ‘போ, விளையாடு’ என்று விட்டுவிட்டேன். என் குட்டி பத்து நாள்களில் மீண்டும் முழங்கால்வரை வரத் தொடங்கியது.

இருவர் ஆட்டமும் ஒளிந்து பிடித்தலும்

வீட்டில் இருவர் இருந்தால், அறையின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்து, மாறி மாறி அழையுங்கள். ஒருவர் அழைக்கும்போது மற்றவர் சிலைபோல் இருக்க வேண்டும். பார்க்கவோ தொடவோ கூடாது. நான்கைந்து முறை ஆனதும் குட்டி, அழைப்பு வருமுன்பே அடுத்தவரிடம் ஓடத் தொடங்கும். ஆட்டம் புரிந்துவிட்டது என்பதற்கு அது அறிகுறிதான் என்றாலும், அழைக்காமல் வந்ததற்குத் தீனி இல்லை. பிறகு வேறு வேறு அறைகளுக்கு நகருங்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து ஒருமுறை அழைத்துவிட்டுக் காத்திருங்கள். தேடிக் கண்டுபிடித்து வரும் குட்டியின் மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு இந்த ஆட்டத்தை யாரும் கைவிட்டதாக நான் கண்டதில்லை.

வெளியே: நீளக் கயிறு

வீட்டுக்குள் நன்றாக வரும் குட்டி, வாசலைத் தாண்டியதும் எதுவும் தெரியாததுபோல் நடந்துகொள்ளும். கற்றதை இடத்தோடு சேர்த்தே கற்கும் இயல்பு நாய்களுக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு புது இடத்திலும் முதல் படியிலிருந்து விரைவாகத் திரும்பக் கற்பிக்க வேண்டும். தடுப்பூசி வரிசை முடியும்வரை பிற நாய்கள் நடமாடும் பொது இடத்தில் குட்டியைத் தரையில் விடாதீர்கள். குட்டிகளுக்குக் கொடிய நோய் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் நீண்ட காலம் தங்கி நிற்கும். எப்போது இறக்கிவிடலாம் என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் வேலியிட்ட முற்றமே போதும்.

திறந்த வெளியில் தேவைப்படும் ஒரே கருவி ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள, எடை குறைந்த கயிறு. அதைக் கழுத்துப்பட்டையில் கட்டக் கூடாது. முழு நீளம் ஓடிய குட்டி திடீரென்று இழுபட்டால் மொத்த அதிர்ச்சியும் கழுத்தில் விழும்; மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னெஸின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கயிற்றில் முடிச்சோ கைப்பிடி வளையமோ இருந்தால் செடியிலும் கல்லிலும் சிக்கும். கையுறை அணிந்துகொள்ளுங்கள், கயிற்றை விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள், ஓடும் கயிற்றுக்கு நடுவே சிறுபிள்ளைகளை நிற்கவிடாதீர்கள், கயிற்றோடு குட்டியைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

இந்தக் கயிறு குட்டியை இழுத்து வருவதற்கானது அல்ல. அழைத்தும் வராத குட்டியை மீன் பிடிப்பதுபோல் சுருட்டி இழுத்தால், வருவது என்பது இழுபடுவது என்றே அது கற்கும். கயிற்றின் வேலை, வராமல் போய் அதைவிடச் சுவையான ஒன்றைக் கண்டடைவதைத் தடுப்பது மட்டும்தான். அழைத்தும் வரவில்லையா, கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நில்லுங்கள்; மேலும் விலக முடியாத குட்டி சிறிது நேரத்தில் திரும்பிப் பார்க்கும்; அந்தப் பார்வையைப் புகழ்ந்து, பின்னோக்கி ஓடுங்கள்.

தூரம், சுற்றுப்புறக் கவர்ச்சி இரண்டையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். ஆளில்லாத இடத்தில் பத்து மீட்டரிலிருந்து வரும் குட்டியை, தொலைவில் ஒரு நாய் நடந்துபோகும் இடத்துக்குக் கொண்டுபோகிறீர்களென்றால், இரண்டு மீட்டருக்குத் திரும்புங்கள். பத்து அழைப்பில் எட்டோ ஒன்பதோ முதல் சொல்லிலேயே பலித்தால் அடுத்த கடினத்துக்குப் போகலாம். ஆறு ஏழுக்குக் கீழே இறங்கினால், குட்டியைக் குறை சொல்லாமல் ஒரு படி பின்வாங்குங்கள்.

திரும்பவும் போகவிடுங்கள்

வெளியிடத்தில் நாய்க்குட்டிக்கு மிகப் பெரிய பரிசு எது என்று கேட்டால், பல சமயம் அது தீனி அல்ல. எதை விட்டுவிட்டு வந்ததோ அதுவேதான். தாம் மிகவும் விரும்பிச் செய்யும் செயலை, குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்பதை டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959-இல் விளக்கினார். மரத்தடியில் எதையோ ஆழ்ந்து முகர்ந்துகொண்டிருக்கும் குட்டியை அழையுங்கள். வந்ததும் பட்டையைத் தொட்டு, ஒரு துண்டு கொடுத்து, மீண்டும் அதே மரத்தடிக்குப் போகவிடுங்கள். நடக்கப்போன அரை மணி நேரத்தில் பத்து முறை அழைத்தால், ஒன்பது முறை இப்படித் திரும்ப விட வேண்டும். வீட்டுக்குப் போக அழைக்கும் அந்த ஒரு முறையையும், கயிற்றை மாட்டியவுடன் கிளம்பிவிடாமல், இரண்டு நிமிடம் அங்கேயே ஏதேனும் விளையாடிவிட்டு முடித்தால், அழைப்புக்கும் ஆட்டம் முடிவதற்கும் உள்ள தொடர்பு குட்டியின் மனத்தில் பிடிபடாது.

தப்பி ஓடிவிட்டால்

கயிறு நழுவியோ கதவு திறந்தோ குட்டி ஓடிவிட்டால், முதலில் எழும் உந்துதல் துரத்துவதாகத்தான் இருக்கும். துரத்தாதீர்கள். மூன்று மாதக் குட்டியைக்கூட ஓடிப் பிடிப்பது கடினம், அதோடு அதற்கு அது அருமையான விளையாட்டு. சாலையை நோக்கி ஓடும் குட்டியை நாமே விரட்டியதாகவும் ஆகிவிடும். அது உங்களைப் பார்க்கும் கணத்தில் உற்சாகக் குரல் எழுப்பியபடி எதிர்த்திசையில் ஓடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் அப்படியே தரையில் உட்கார்ந்து, மண்ணில் எதையோ கண்டெடுத்ததுபோல் கிளறுங்கள். என்னவென்று பார்க்க வராத குட்டி அரிது. வந்ததும் வெடுக்கென்று பாய்ந்து பிடிக்காமல், வழக்கம்போல் தாடைக்குக் கீழாகக் கையைக் கொண்டுபோய்ப் பட்டையைப் பற்றுங்கள். அந்த நேரத்தில் நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும், அதட்டத் தோன்றும். அதட்டினால் அடுத்த முறை வராது.

இதற்கென்றே இரண்டாவதாக ஓர் அவசர அழைப்பையும் வைத்துக்கொள்ளலாம். அன்றாடச் சொல்லோடு சம்பந்தமில்லாத ஓர் ஒலியாக அது இருக்கட்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும், வீட்டில், எதிர்பாராத நேரத்தில் அதை ஒலித்து, கைநிறைய மிகச் சிறந்த தீனியைக் கொடுத்துவிடுங்கள். வேறு எதற்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஏற்கெனவே கெட்டுப்போன சொல்

வளர்ந்த குட்டியைத் தத்தெடுத்தவர்களும், இதைப் படிக்குமுன் பல மாதம் கத்தியே அழைத்துப் பழகியவர்களும் மனம் தளர வேண்டாம். பழைய சொல்லைச் சரிசெய்ய முயல்வதைவிட அதைக் கைவிட்டு, புதிய சொல்லோடு முதல் படியிலிருந்து தொடங்குவது விரைவில் பலன் தரும். அதிர்ச்சி தரும் மின்பட்டைகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வலி வந்த கணத்தில் குட்டி எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, அது ஒரு குழந்தையாக இருந்தாலும், வலியை அதனோடு இணைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் அவற்றை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

நன்றாக வந்துகொண்டிருந்த குட்டி திடீரென்று எதற்கும் செவிசாய்க்காமல் போனால், பழக்கத்தை ஐயுறுமுன் காதைப் பாருங்கள். தலையை அடிக்கடி உதறுவதும், காதைச் சொறிவதும், காதிலிருந்து நாற்றம் வருவதும் நோயின் அடையாளங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவியிலேயே செவிடான குட்டிக்கும் இதே முறை பொருந்தும். சொல்லுக்குப் பதில், பார்வையில் படும்படி கையை அகல விரித்து வீசும் சைகை. அப்படிப்பட்ட குட்டியை வேலியில்லாத இடத்தில் கயிறின்றி விடவே கூடாது.

விடலைப் பருவம்

ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில், எல்லாம் கற்றுக்கொண்ட குட்டி எல்லாவற்றையும் மறந்ததுபோல் நடக்கும். வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்படும் குட்டிகளிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், ஐந்து மாதத்தில் ‘உட்கார்’ என்றதும் உட்கார்ந்த குட்டிகள் எட்டு மாதத்தில் தம்மை வளர்ப்பவரின் சொல்லுக்குக் குறைவாகவே இணங்கின. அறிமுகமில்லாதவர் சொன்னபோதோ அந்தக் குறைவு காணப்படவில்லை. உங்கள் பயிற்சி தோற்றுவிடவில்லை, இது வயதின் இயல்பு, கடந்து போகும். ஆனால் இக்காலத்தில் கழற்றி வைத்த நீளக் கயிற்றை மீண்டும் எடுத்து மாட்ட வேண்டும். தீனியின் தரத்தை உயர்த்த வேண்டும். நாய்களைக் கைவிடும் எண்ணம் பலருக்கு எழுவதும் இந்த மாதங்களில்தான் என்பதால், பொறுமையோடு இருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

கயிற்றை எப்போது கழற்றுவது

பல இடங்களில், பல வேளைகளில், பிற நாய்கள் கண்ணில் படும்போதும் முதல் அழைப்புக்கே திரும்பி ஓடி வருகிறதென்றால், வேலியிட்ட இடத்தில் கயிற்றின் நுனியைக் கையிலிருந்து விட்டு, தரையில் இழுபடவிடுங்கள். சில வாரம் அப்படிப் போகட்டும். பிறகு கயிற்றை வாரத்துக்கு ஒரு மீட்டராக வெட்டிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒரு சாண் நீளம் மட்டும் ஹார்னெஸில் தொங்கும். தீனியையும் இக்கட்டத்தில் ஒவ்வொரு முறைக்கும் பதில் சில முறைக்கு ஒன்றாக, எப்போது வரும் என்று கணிக்க முடியாதபடி மாற்றலாம். ஆனால் புகழ்ச்சியும் பட்டைத் தொடுதலும் ஒருமுறைகூட விடுபடக் கூடாது. மிகக் கடினமான வேளையில், ஓடும் அணிலை விட்டுவிட்டு வந்தால், கைவசம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுங்கள். வண்டிகள் ஓடும் சாலையோரத்தில் மட்டும், எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும், கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.